மைக் டெஸ்டுக்குப் பாடியவள்

1988, மே மாதம். காலை ஏழு மணிக்கு மதுரையில் ராஜபாளையம் பஸ் ஏறினேன். திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக எண்பத்தைந்து கிலோமீட்டர். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் வலப்பக்கம் மலை கூடவே வந்தது. அதன் மேல் மேகம் இருந்தது; எங்கள் மேல் வெயில்தான்.

எனக்கு ஊர் திருச்சி. ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகப் பாட்டு டீச்சர். கோடை விடுமுறையில் வேலை கிடையாது என்பதால், ராஜபாளையத்தில் நடக்கும் கோடை இசை விழாவுக்குப் பத்து நாள் வேலையாள் வேண்டும் என்றதும் ஒப்புக்கொண்டேன். மேடையில் வித்வான்களுக்குத் தம்புரா போட வேண்டும். மற்ற நேரத்தில் அவர்கள் அறைக்கு வெந்நீர், காபி, பூ.

விழா நடக்கும் கல்யாண மண்டப வாசலிலேயே செகரட்டரி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார். "தம்புராவோட நிறுத்திக்கிடுங்கம்மா. கூடச் சேர்ந்து பாடிறக் கூடாது. போன வருஷம் வந்த பொண்ணு பாடிருச்சு. வித்வானுக்குக் கோவம் வந்துருச்சு."

சரி என்றேன். பன்னிரண்டு வருஷம் பாட்டுக் கற்றவள் நான். ஒரு கச்சேரிகூடக் கிடைத்ததில்லை.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு மைக் செட் செல்வராஜ் கூப்பிட்டார். தளவாய்புரத்துக்காரர். "ஒன்னு, ரெண்டு, மூணுன்னு நான் சொன்னா மைக்குக்கு என்னக்கா தெரியும்? நீங்க செத்த நேரம் பாடுங்க."

எதிரே இரும்பு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. முருகன் மேல் ஒரு தமிழ்ப் பாட்டு எடுத்தேன், காம்போதி ராகத்தில். பல்லவி முடிவதற்குள் செல்வராஜ் கையைத் தூக்கி, "போதும்க்கா" என்றார். தினமும் அப்படித்தான் நடந்தது. காலையில் மாம்பழம் நறுக்கும்போதும், வித்வான்களுக்குப் படுக்கை விரிக்கும்போதும், அந்த மூன்று மணிக்காகவே காத்திருந்தேன். பல்லவியைத் தாண்டியதே இல்லை.

விழாவின் கடைசிக் கச்சேரி ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்திலிருந்து பதினொரு கிலோமீட்டர்; வேனில் தம்புராவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். நான்கு மணிக்கு, "பாடிக்கிட்டே இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, தெருவில் கட்டியிருந்த ஹாரன் ஸ்பீக்கரைச் சரி பார்க்கச் செல்வராஜ் போய்விட்டார். போதும் என்று சொல்ல ஆள் இல்லை. பல்லவி முடிந்தது. அனுபல்லவிக்குப் போனேன். என் குரல் தெருக்கோடி வரை போய்க்கொண்டிருந்தது எனக்கே கேட்டது.

பந்தல் ஓரமாக ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அளவெடுக்கும் டேப். செத்த நேரம் நின்றவள் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். என் முன்னால் பாட்டுக் கேட்க உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். சரணத்துக்கு மூச்சு எடுத்தேன். வித்வானின் கார் வந்து நின்றது. செகரட்டரி தூரத்திலிருந்தே கையைக் காட்டினார். நிறுத்திவிட்டேன்.

அவள் எழுந்து வந்தாள். "பாட்டு முடிஞ்சிருச்சா?"

"இல்லை. சரணம் இருக்கு."

"பொறவு ஏன் நிப்பாட்டுனீய?"

"மைக் டெஸ்டுக்குத்தான் பாடினேன். கச்சேரி அவருடையது."

"கச்சேரிக்கு நான் எங்க வர? முகூர்த்த மாசம், தைக்கத் துணி அம்புட்டும் கெடக்கு. எதுத்தாப்புலதான் கடை. உங்க பாட்டைக் கேட்டுத்தான் மிஷினை நிப்பாட்டிட்டு வந்தேன்." பேர் கேட்டேன். ஜெயராணி என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள்.

அன்று வித்வானும் காம்போதியைத்தான் விஸ்தாரமாகப் பாடினார். நன்றாகவே பாடினார். அவர் முதுகுக்குப் பின்னால், உதட்டை இறுக்கிக்கொண்டு தம்புராவை மீட்டினேன். தொண்டை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை ராஜபாளையத்தில் மதுரை பஸ் பிடித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெட்டியோடு எழுந்ததும் கண்டக்டர், "மதுரைக்குல்ல டிக்கெட் எடுத்தீய?" என்றார்.

"இங்கே ஒரு வேலை பாக்கி இருக்கு" என்று இறங்கிவிட்டேன்.

பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயராணி கடைச் சுவரில் ஏசுநாதர் படம். அதன் கீழே இன்னும் கை வைத்துத் தைக்காத ரவிக்கைகள் தொங்கின. என்னைப் பார்த்ததும் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"சரணம் மட்டும் பாடினால் நல்லா இருக்காது. முதலில் இருந்தே பாடட்டுமா?"

மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

தம்புரா இல்லை, மைக் இல்லை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று முழுதும் பாடினேன். தைத்த துணி வாங்க வந்த இரண்டு பெண்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். சரணத்தில் ஓரிடத்தில் குரல் உடைந்தது. மறுபடி எடுத்துப் பாடினேன். பாட்டு முடிந்தது. ஜெயராணி கேட்டாள்: "அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

"அடுத்த வருஷம் வருவீயளா?"

"கூப்பிட்டால் வருவேன்."

"கூப்பிடாட்டியும் வாங்க" என்றாள். அடுத்த பஸ்ஸுக்கு அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வருஷம் விழா நடக்கவில்லை. அப்புறம் எனக்குக் கல்யாணமாகிவிட்டது. திருச்சியில் எங்கள் தெருவில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு வீட்டில் வீணை, அடுத்த வீட்டில் வயலின், எல்லா வீட்டிலும் ரேடியோ. என்ன ராகம் என்று குழந்தைகள்கூடச் சொல்லிவிடும். நான் பாதியில் நிறுத்தினால் ஏன் என்று கேட்பவர் இல்லை. சில சாயங்காலங்களில் சரணத்துக்கு முன்னால் வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.