ஐந்தாவது பெட்டியும் சரிவரவில்லை

சுருட்டு விற்கிறவனிடம் மனிதர்கள் டொக்டருக்கு மறைத்ததைச் சொல்வார்கள். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசா மூலைக்கடையில் இருபத்தொரு வருடம் நின்றவன் நான். கவுண்டருக்குப் பின்னால் காலம் தள்ளியவர்கள் இதை வாசித்தால் தலையாட்டுவார்கள்.

கடைசித் தடவை

மகாலிங்கம் அண்ணையை நான் கடைசியாக உயிரோடு கண்டது ஒரு தை மாதத்து வியாழக்கிழமை, மதியத்துக்குச் சற்று முன். கடைக்குப் பின்னால் குப்பைத்தொட்டியடியில் நின்று ஒரு சின்னச் சுருட்டைப் பாதிவரை குடித்துவிட்டு உள்ளே வந்தார். மிச்சம் பத்தொன்பதும் கிடந்த பெட்டியைக் கவுண்டரில் வைத்தார். அது ஐந்தாவது பெட்டி. சனிக்கிழமை வீட்டு வாசலில் பனி தள்ளும்போது விழுந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்துபோனார். என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்: “உதுவும் சரிவரேல்லைத் தம்பி. அடுத்த கிழமை வேறை ஒண்டு பாப்பம்.”

தொடங்கிய விதம்

நாற்பது வருடம் சிகரெட் குடித்தவர். நெஞ்சில் அடைப்பு என்று டொக்டர் நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டதாக மனைவியிடம் சொல்லிவிட்டு நேரே என்னிடம் வந்தார். சுருட்டு அவருக்குப் புதிது. சிகரெட்டைப் போலவே நெஞ்சுக்குள் இழுத்து, கண்ணீர் வழிய இருமினார். புகையை வாயோடு நிறுத்தவேண்டும் என்று, ஒருநாளும் குடித்தறியாத நான் சொல்லிக்கொடுத்தேன்.

“அண்ணை, டொக்டர் வேண்டாம் எண்டவரெல்லோ?” என்று கேட்டும் பார்த்தேன். கேட்டுக்கொண்டே பெட்டியை எடுத்தும் கொடுத்தேன். அவர் சொன்னார்: “டொக்டர் சிகரெட்டைத்தானே விடச்சொன்னவர். சுருட்டைப்பற்றி அவர் ஒண்டும் கதைக்கேல்லை.”

இருபதுக்குக் குறையாது

இங்கே சுருட்டைக் கண்ணால் பார்த்துத் தெரிவுசெய்ய முடியாது. தட்டுகளை மூடி வைக்கவேண்டும் என்பது சட்டம். திறந்தாலும் எல்லாப் பெட்டியும் ஒரே மண்ணிறம். சின்னச் சுருட்டை ஒற்றையாக விற்கவும் கூடாது. ஒன்றை ருசி பார்க்க இருபதை வாங்கவேண்டும். அண்ணை ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றைக் குடித்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகப் பயந்து மிச்சத்தை என் மேசை லாச்சிக்குள் விட்டுவிடுவார்.

முதலாவதில் நனைந்த கம்பளிக் கோட்டு மணம் என்றார். இரண்டாவது அடிப்பிடித்த பால். மூன்றாவது நாக்கை உரித்தது. நாலாவதின் நுனியில் பஞ்சு பில்டர் இருந்தது. நாலு இழுவையோடு மிதித்து அணைத்துவிட்டு வந்தார். “வெறுங்காத்தை உறிஞ்சவோ நான் இந்தக் குளிருக்கை நிக்கிறன்?”

படையல்

முப்பத்தோராம் நாளுக்கு முதல்நாள் அவருடைய மகள் கடைக்கு வந்தாள். செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் இலையில் வைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். காருக்குள் ஒரு சுருட்டுத் துண்டும் எங்கள் கடை பில்லும் கிடந்தனவாம். “அங்கிள், அப்பா எந்த பிராண்டை லைக் பண்ணினவர்?”

ஒன்றையும் அவருக்குப் பிடிக்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். ஐந்து பெட்டியையும் எடுத்து முன்னால் வைத்தேன். அவள் தாயைப் போனில் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டாள். ஏச்சு வாங்க நான் ஆயத்தமாக நின்றேன். அந்த அம்மா சொன்னா: “அஞ்சையும் கொண்டு வா பிள்ளை. கலியாணம் கட்டின நாளிலையிருந்து என்ரை கறியிலையும் பிழை பிடிச்ச மனிசன்.”

எங்கள் வீட்டில்

அடுத்த வருடம் என் மனைவி செத்துப்போனாள். அவள் இருந்த காலமெல்லாம் கிழமையில் ஏழு நாளும் நான் கடையில். அவள் கட்டித்தந்த சோற்றைக் கவுண்டருக்குக் கீழே வைத்துச் சாப்பிட்டேன். வீட்டுக்குப் போகும்போது அவள் சாப்பிட்டு முடித்திருப்பாள். என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்டதில்லை.

முப்பத்தோராம் நாள் சமைக்க வந்த அவளின் தங்கை, “அத்தான், அக்காவுக்கு என்ன விருப்பம்?” என்று கேட்டாள். ஆட்கள் கடைக் கதவைத் தள்ளுமுன்னமே அவரவர் பெட்டியை எடுத்து வைக்கிறவன் நான். யோசித்து யோசித்து, வடை என்றேன். தங்கை அகப்பையைக் கீழே வைத்தாள். “அக்கா வடை வாயிலை வைக்கமாட்டா அத்தான். உழுந்து அவவுக்கு ஒத்துக்கொள்ளாதெல்லோ.”

கடை கைமாறி மூன்று வருடமாகிறது. யார் எந்தப் பெட்டி கேட்பார் என்பது மட்டும் எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.