கிளச்சில் மாட்டின கால்

இன்னைக்கு நாலந்தாவுல என் வயல்ல அரை மணி நேரம் கிளச்சை மிதிச்சபடியே உக்காந்திருந்தேன். காலை எடுத்தா ட்ராக்டர் என் மேலேயே கவிழும்.

புது ட்ராக்டர். பின் சக்கரம் ரெண்டும் சேத்துல புதைஞ்சு போச்சு. மாட்டு வண்டி புதைஞ்சா சக்கரத்துக்குக் கட்டை குடுக்கிறதுதானே நம்ம வழக்கம்? கட்டை வழுக்காம இருக்கட்டும்னு நான் அதைச் சக்கரத்தோடயே சேர்த்துக் கட்டிட்டேன்.

கிளச்சை விட்டதும் சக்கரம் சுத்தல. ட்ராக்டரோட முன்பக்கம்தான் மேல எழும்பிச்சு! திரும்ப மிதிச்சேன், தொப்புன்னு இறங்கிச்சு. கியரும் நியூட்ரலுக்கு வராம இறுகிப் போச்சு. சாவியைத் திருப்பினேன், இன்ஜின் நிக்கல.

வரம்புல நின்ன, என்னை நானான்னு கூப்பிடுற தம்பிமாரெல்லாம் ஆளுக்கொரு புத்தி சொன்னாங்க.

"குதிச்சிருங்க நானா!"

"ஐயோ, குதிக்காதீங்க!"

"கடைசியா ஒரு தடவை கலிமாவைச் சொல்லிருங்க!"

கிட்ட ஒருத்தரும் வரல. மிதிச்ச கால் மரத்துப் போக ஆரம்பிச்சிருச்சு.

சோறு கொண்டு வந்த என் பொண்டாட்டி ராஹிலா, பாத்திரத்தை வரம்புல வெச்சிட்டு சேத்துல இறங்கி வந்தா. ஸ்டியரிங்குக்குக் கீழ இருந்த குமிழை வெளிய இழுத்தா. இன்ஜின் நின்னுச்சு.

"இந்த இன்ஜின் சாவியில நிக்காது, குமிழை இழுக்கணும்னு வித்தவர் சொன்னாரே. நீங்க அப்ப ஹாரன் அடிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

கட்டையைக் கட்டாதீங்க, புதைஞ்சா வேற எதாலயாவது இழுங்கன்னும் சொன்னாராம்.

ட்ராக்டர் இன்னும் சேத்துலதான் கிடக்கு. இழுக்க எருமை வேணும். பக்கத்துல இருக்கிற ஒரே ஜோடி, "இனி இதுகள் எதுக்கு?"ன்னு போன வாரம் நான் வித்ததுதான்.

நாளைக்கு அதை வாங்கினவர் வாசல்ல போய் என்ன சொல்லி நிக்கிறது? யாராவது சொல்லுங்களேன்.