தலைமாட்டில் நின்றவள்

போன வருஷம் இந்நேரம் எனக்குப் பேச்சே சரியாக வரவில்லை. கழுத்தில் கழலை. மாங்காய் அளவுக்கு வளர்ந்து மூச்சுக்குழாயை நெருக்கிக்கொண்டிருந்தது. தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலை ஏறினால் மூச்சு இழுக்கும். படுத்தால் அடைக்கும். லிந்துலையில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனைக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பவள் நான். அப்படிப்பட்டவள் ஒரு மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகையாக வரும்.

ஒப்பரேஷன்தான் வழி என்றார்கள். வெட்டுவதுகூடப் பெரிதில்லையாம். மயக்க மருந்து கொடுத்து, இந்தக் கழலையைத் தாண்டி மூச்சுக்குக் குழாய் இறக்குவதுதான் கஷ்டமாம். அம்மன் முன்னால் விழுந்து ஒன்றே ஒன்று கேட்டேன்.

"தாயே, நான் கண்ண மூடுற நேரம் நீ என் தலைமாட்டுல நில்லு. எந்திரிக்கிற வரைக்கும் நகராத."

வீட்டுக்காரரிடம்கூட இதைச் சொல்லவில்லை.

ஒப்பரேஷனுக்கு முன் எதுவும் சாப்பிடக் கூடாது என்று வார்டில் சொல்லியிருந்தார்கள். நானும் சாப்பிடவில்லை. ஆனால் விடிந்ததும் வீட்டுக்காரர் பிளாஸ்க்கோடு வந்து நின்றார். தினமும் பாலில்லாத வெறும் சாயத் தேத்தண்ணி குடிக்கிறவர்கள் நாங்கள். அன்று எனக்காகப் பால் ஊற்றி, சீனியை அள்ளிப் போட்டிருந்தார். ஆசையாகக் குடித்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தேத்தண்ணியை யார் சாப்பாட்டில் சேர்த்தார்கள்?

தியேட்டர் வாசலில் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் வந்தார். சிங்களப் பெண். பல வருஷம் மலைநாட்டில் வேலை செய்து நம் தமிழைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டவர். சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன், பெருமையாக. அவர் விடவில்லை.

"தேத்தண்ணி?"

"அது மட்டுந்தாங்க. பால் ஊத்தி."

அன்று ஒப்பரேஷன் இல்லை. மயக்கத்தில் அந்தப் பால் மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று பொறுமையாக விளக்கினார். என் மண்டையில் ஏறினால்தானே! வார்டுக்குத் திரும்பி அம்மனைத் திட்டித் தீர்த்தேன், உன்னை நம்பி வந்தவளை வாசலோடு திருப்பிவிட்டாயே என்று. வீட்டுக்காரர் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு முழித்தார், பாவம்.

மறுநாள் மேசையில் படுத்ததும் அதன் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். அதே டொக்டர் என் தலைக்குப் பின்னால் வந்து நின்று கன்னத்தில் கை வைத்தார்.

"பயம் வேணாம், அம்மா. நான் இங்கதான், உங்க தல பக்கம். நீங்க எழும்புற வரைக்கும் எங்கேயும் போறதில்ல."

உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயிலில் நான் கேட்டதை இவருக்கு யார் சொன்னது? முதல்நாள் என்னை வாசலில் மறித்தது யார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. சிரித்துக்கொண்டே கண்ணை மூடினேன்.

விழித்தபோது முதலில் தெரிந்தது அதே முகம், தலைகீழாக. என் பெயரைச் சொல்லச் சொன்னார். கரகரவென்று சொன்னேன். குரல் இருந்தது!

இந்த ஆடி வெள்ளிக்கு நான்தான் பாட்டெடுத்தேன். கீழ் லயம் வரை கேட்டதாம். பஜனைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வீட்டுக்காரர் பால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

அம்மனின் பிள்ளைகளே, உங்களில் யாராவது ஒப்பரேஷனுக்குப் பயந்து நாளைக் கடத்திக்கொண்டிருந்தால் தைரியமாகப் போங்கள். டொக்டரிடம் ஒரு வாய் தேத்தண்ணியைக்கூட மறைக்காதீர்கள். மனதில் இருப்பதை அம்மனிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுங்கள். தலைமாட்டில் அவள் நிற்பாள்.