கடை போனும் வீட்டுப் போனும்

பெங்களூரு சிவாஜிநகரில் இருக்கும் என் தையல் கடைக்கும் ஆஸ்டின் டவுனில் இருக்கும் வீட்டுக்கும் வெகுகாலம் ஒரே போன்தான். பிளவுஸ் டிசைன் படங்களும் மகளின் பள்ளிக்கூடப் படங்களும் அதில் கலந்து கிடக்கும். ஒருமுறை, முட்டை வாங்கி வரச் சொல்லி மனைவி அனுப்பிய குரல் செய்தியை அவசரத்தில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் பிளவுஸைப் போட்டுப் பார்க்க வந்தவள் கையில் ஒரு டஜன் முட்டை.

"அக்கா கேட்டாங்களே அண்ணா" என்றாள்.

எனக்கு மானம் போயிற்று. மனைவியோ அந்த முட்டையில் கேக் செய்து அவளுக்கே கொடுத்தனுப்பினாள்.

அந்த எரிச்சலில்தான் கடைக்கென்று தனி போன் வாங்கினேன். மெரூன் துணியைச் சிவப்பாகக் காட்டாத கேமரா வேண்டுமென்று, ஒரே துண்டுத் துணியை நான்கு போன்களில் படமெடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். நல்லது தொழிலுக்கு, கண்ணாடி விரிசல் விட்ட பழையது வீட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு; இரண்டும் என்னிடமே இருக்கும். தொழில் தொழிலாக இருக்கட்டும் என்ற வீம்பில், வீட்டார் நம்பர் ஒன்றைக்கூடப் புதியதில் ஏற்றவில்லை.

இப்போதெல்லாம் செய்தி எதுவும் இடம் மாறிப் போவதில்லை. முட்டையோடு யாரும் வருவதும் இல்லை. அந்தக் கேக் வாசனை மட்டும் சில நாள் நினைவுக்கு வரும்.

போன வாரம் கடை போன் அடித்தது. துணி வெட்டிக்கொண்டே எடுத்து, "சொல்லுங்கம்மா" என்றேன்.

பேசியது மனைவி.

"வீட்டுப் போன் இருக்கே, இதுல எதுக்குக் கூப்பிடறே?" என்றேன்.

"அதுல கூப்பிட்டா 'என்ன'ன்னுதான் கேக்கறீங்க" என்றாள். "இதுலதான் 'சொல்லுங்கம்மா'ன்றீங்க."