மத்திம வறுவல்

காதர் மைதீன் முகமது யாசீன், 1963ஆம் ஆண்டு மதுரை காஜிமார் தெருவில் பிறந்தவர். தொழில், காப்பிக்கொட்டை வறுத்தல். நெடுங்காலம் சிக்கரி கலந்த தூளுக்காகவே வறுத்துவந்த அவர், 2021இல் அழகுராஜா என்பவர் ஒத்தக்கடையில் எஸ்பிரஸ்ஸோ கடை திறந்தபோது, அதற்கெனத் தனிக் கலவை ஒன்றை அமைத்துக் கொடுத்தார்.

அதில் முக்கால் பங்கு தாண்டிக்குடி மலைச்சரிவில் விளையும் அராபிகா; எஞ்சியது வயநாட்டு ரோபஸ்டா. கோப்பையின் மேல் நுரை நிற்பது ரோபஸ்டாவால். தாண்டிக்குடிக் கொட்டையிலோ ஆரஞ்சுத் தோலை ஒத்த மெல்லிய புளிப்பு உண்டு. கொட்டை வெடிக்கத் தொடங்கிச் சற்று நேரத்தில், மேலே எண்ணெய் கசியும் முன்பே இறக்கினால்தான் அது நிற்கும். மேலும் வறுத்தால் எந்த மலைக் கொட்டைக்கும் ஒரே கசப்புத்தான்.

அக்கொட்டையைத் தந்தவர் பால்பாண்டி என்னும் சிறு விவசாயி. காயும் பழமுமாக உருவி விற்றுவந்தவர். அதுவும் கட்டுப்படியாகாமல், செடிகளை வெட்டிவிட்டுப் பட்டர் ஃப்ரூட் நட இருந்தார்.

"பழமாப் பாத்துப் பறிங்க. அம்புட்டையும் நான் எடுத்துக்கிறேன். நான் இருக்கிற வரைக்கும் வேற ஆள் தேட வேணாம்" என்றார் யாசீன். அந்த வாக்கை நம்பிப் பால்பாண்டி செடிகளை விட்டுவைத்தார்.

இடறல் ஒரு சொல்லில் வந்தது. கடைப் பலகையில், வறுத்த பதத்தைக் குறிக்க, 'மீடியம் ரோஸ்ட்' என்று எழுதச் சொன்னவர் யாசீனேதான். மதுரை டீக்கடைகளில் ஸ்ட்ராங், மீடியம், லைட் என்பவை டிகாக்ஷனின் அளவைக் குறிப்பவை. அதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் அழகுராஜாவிடம் முறையிடலானார்கள்.

"அண்ணே, மீடியம் வேணாம். ஸ்ட்ராங்காப் போடுங்க."

"பால் திரிஞ்சுபோச்சாண்ணே? புளிக்குது."

குழப்பம் ஆங்கிலச் சொல்லால் வந்ததென்று முடிவுசெய்த யாசீன், பலகையில் 'மத்திம வறுவல்' என்று மாற்றி எழுதச் செய்தார். அது இன்னும் கேடாக முடிந்தது. அருகிலிருந்த கல்லூரியின் அலுவலர் நாகஜோதி அதை உரக்கப் படித்தார்.

"மத்திமமா? காப்பிக்குமா பொருத்தம் பாக்குறீக? உத்தமமா ஒண்ணு இருந்தா அதக் குடுங்கண்ணே!"

கடையில் இருந்தவர்கள் அனைவரும் சிரித்தார்கள். அழகுராஜா சிரிக்கவில்லை. மறுநாள் யாசீனை அழைத்தார்.

"பாய், இனிமே கருக்க வறுத்துத் தாங்க."

"கருக்க வறுக்கிறதுக்குத் தாண்டிக்குடிக் கொட்டை எதுக்குப்பா?"

"அதத்தான் நானும் கேக்குறேன். எதுக்கு?"

யாசீன் நகரில் வேறு சில கடைகளை அணுகினார். "அந்தப் புளிப்புக் காப்பியா பாய்?" என்ற கேள்வி அவருக்கு முன்பே அங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது.

2025ஆம் ஆண்டு அறுவடை முடிந்ததும், அவரே மலையேறிச் சென்று, இனிக் கொட்டை எடுக்க இயலாது என்ற செய்தியைச் சொன்னார். பால்பாண்டி சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"என் கொட்டையில குத்தமா பாய்?"

"ஒரு குத்தமும் இல்ல."

"இருந்தாத் திருத்திக்கிருவேன். இப்ப எதத் திருத்துறது?" ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்தினார். "இருக்கிற வரைக்கும்னு சொன்னீக. இருக்கீகளே பாய்."

யாசீன் ஆயத்தமாயிருந்த மூட்டைகளை மட்டும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். கருக்கித் தருவதானால் இந்த ஒருமுறை எடுத்துக்கொள்வதாக அழகுராஜா ஒப்பினார். அடுத்த பருவத்துக்கு வேண்டாம் என்றும் அப்போதே சொல்லிவிட்டார்.

கொட்டை வெடித்தது. இறக்க வேண்டிய நேரத்தில் யாசீன் இறக்கவில்லை. எண்ணெய் கசிந்து, புகை எழும்பி, ஆரஞ்சு மணம் அடியோடு அகலும்வரை நின்றார். ஒத்தக்கடையில் அதைக் குடித்தவர் எவரும் குறை சொல்லவில்லை.

தாண்டிக்குடிக் கொட்டையை முகமது யாசீன் கடைசியாக வறுத்த நாள், 2025 மார்ச் 11.