நிறுத்தி வைத்த படத்திலிருந்து தைத்த சட்டை

ஆதியும் அந்தமும் இல்லாத சர்வேசுரனுக்கு முதற்கண் தோத்திரம் உண்டாவதாக. ஏதேன் வனத்தில் நாணி நின்ற நம் ஆதிப் பெற்றோருக்குத் தோலினால் ஆடை செய்து உடுத்திவிட்டவர் அவர். ஆகவே தையல் தேவகரத்தில் தொடங்கிய தொழில் என்று துணிந்து சொல்வேன். ஒரேயொரு வேறுபாடு: அவர் தைத்துக் கொடுத்தபோது, "இடுப்பில் இன்னும் கொஞ்சம் பிடியுங்கள்" என்று ஏவாள் கேட்டதாக வேதத்தில் இல்லை.

ஊசி குத்திய விரல்களையுடைய என் தோழமைகளே, நமக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. இலங்கையின் கற்பிட்டிக் கரையில், தலவில அன்னம்மாள் கோவிலுக்கு அயலிலுள்ள ஒரு மீன்பிடிக் கிராமத்தில், திருநாளுக்குத் திருநாள் குமரிகளுக்குச் சட்டை தைத்து வந்தவள் நான். தொண்ணூறுகளின் குமரிகள் அவர்கள். இந்த வருடத் திருநாளுக்கும் அவர்களில் ஒருத்திக்கு ஒரு சட்டை தைத்தேன். அவளுடைய பெயர் ஜெசிந்தா. தன் வயதுத் தோழிகளின் நடுவே தனக்கு இன்னும் ஓர் இடம் இருக்கிறதா என்பதை அந்தச் சட்டையைப் போட்டுத்தான் அவள் அறிய வேண்டியிருந்தது. அது எப்படி என்பதைச் சொல்வதற்கு, சட்டை பிறந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

கண் திறந்த அரை நிமிடம்

அந்நாளில் எங்கள் ஊருக்குத் தொலைக்காட்சியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வரும். ஞாயிறு பூசை முடிந்ததும் கற்பிட்டியிலிருந்து ஒரு த்ரீவீலில் அவை வந்து இறங்க, அயல் முழுவதும் ஒரே வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்துவிடும். கல்லூரிப் பிள்ளைகள் காதலித்துப் பாடும் படங்கள்தாம் அதிகம். படத்துப் பையன்கள் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டார்கள் என்று எங்கள் பையன்களும் அப்படியே கடலுக்குப் போய் நெற்றி கறுத்து வந்தார்கள். குமரிகள் நெற்றி முடியைச் சுருட்டி விட்டார்கள். வெல்வெட் துணியில் கழுத்துப் பட்டி கட்டினார்கள். தோளில் பஞ்சு வைத்த கை கேட்டார்கள்.

நான் படம் பார்ப்பதில்லை. தவக்காலத்தில் கர்த்தர் பாடுபட்ட பசாம் படிக்கும் குரலை வேறு பாட்டுக்குப் பழக்கலாகாது என்பது என் தகப்பனார் வகுத்த ஒழுங்கு. ஆயினும் ஒரு ஞாயிறன்று, வள்ளக்காரர் ஒருவரின் மகளான ஜூலியற் என்னைக் கையைப் பிடித்து இழுத்துச் சென்றாள். ஊர்க் குமரிகளுக்கு அவளே தலைவி. ஜெசிந்தா அவளுடைய நிழல். பாட்டில் கதாநாயகி சைக்கிளில் வரும்போது போட்டிருக்கும் நீலச் சட்டையை நான் பார்த்து, அப்படியே தைக்க வேண்டுமாம். சட்டை வந்த இடத்தில் ஜூலியற் படத்தை நிறுத்தினாள். கதாநாயகி சைக்கிளோடு அந்தரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றாள். நான் கழுத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், கீழ் விளிம்புக்கு மேலே குறுக்காக ஓடிய இரண்டு வெள்ளைக் கோடுகளைப் பார்த்தேன். பின்பக்கம் எப்படி என்று கேட்க வாயெடுத்தேன்.

"பாத்தது போதும் அக்கா, டெக் சூடாகுது. நாங்க மிச்சத்தப் பாக்கப் போறோம், நீங்க கண்ண மூடிக்கிட்டு வீட்ட போங்க!" என்றாள் ஜூலியற்.

கோடு குறையக் கூடாது

சட்டையைத் தைத்து, கீழ் விளிம்புக்கு மேலே வெள்ளை ரிபனால் இரண்டு கோடுகள் வைத்துக் கொடுத்தேன். படத்தை நிறுத்தினால் திரையில் குறுக்காக வெள்ளைக் கோடு விழும் என்பதை நான் எங்கே கண்டேன்? அதை எனக்குச் சொல்லவும் ஒருவரும் இல்லை. ஜூலியற் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனாள். மறுநாள் விடியுமுன் நீலத் துணியோடு ஆறேழு பேர் என் வாசலில் நின்றார்கள். அந்த ஆண்டுத் திருநாளில் எங்கள் கரையிலிருந்து போன குமரிகள் அத்தனை பேரின் முழங்காலுக்குக் கீழேயும் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடின.

கோடு ஊரோடு நிற்கவில்லை. கனமூலை என்ற முஸ்லிம் ஊரிலிருந்து ஒரு தாய் பஸ் ஏறித் தம் மகளோடு வந்தார். என் மெசினில் கிடந்த சட்டையை விட்டு மகளின் கண் அகலவில்லை. நீண்ட சல்வாருக்குத் துணி கொண்டுவந்திருந்த அந்தத் தாய், மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எனக்குத் திட்டமாகக் கட்டளை தந்தார்.

"தையல் டீச்சர், கை மணிக்கட்டு மட்டும் வரோணும். கழுத்து மூடி இரிக்கோணும். லூசா இரிக்கோணும். மத்தப்படி அந்த ரெண்டு கோடு மட்டும் குறையப் போடாதீங்க, இவள் ராவு பகலா அழுவுறாள்."

பூசைக்கு ஒரு கை

எங்கள் தாய்மார்களுக்கோ வேறு கவலை. முழங்கை மூடாமல் கோவிலுக்குள் கால் வைக்கலாகாது என்பது அவர்கள் சட்டம். முழங்கை மூடினால் உயிரையே விடுவோம் என்பது குமரிகளின் சட்டம். இரு சட்டங்களுக்கும் நடுவே அகப்பட்ட தையற்காரி யாது செய்வாள்? பஞ்சு வைத்த குட்டைக் கையின் உட்புறம் அழுத்திப் பூட்டும் பொத்தான்களை வைத்து, அதில் நீளக் கை ஒன்றைத் தனியாகப் பூட்டிக் கொடுத்தேன். பூசை முடிந்தால் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம்.

அன்னம்மாளின் சுரூபத்தைத் தூக்கிச் சென்ற சுற்றுப் பிரகாரத்தில் ஜூலியற் அதை நோக்கி இரு கைகளையும் உயர்த்தினாள். பக்தி மிகுதியில் சற்று வேகமாகவே உயர்த்திவிட்டாள் போலும். வலக் கை பொத்தான் விட்டுக் கழன்று, முன்னே போய்க்கொண்டிருந்த அவளுடைய தாயின் தோளில் விழுந்தது. அந்த அம்மாள் அதை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு, மன்றாட்டு மாலை முடியும்வரை நடந்தார். முடிந்ததும் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார்.

"பூசைக்கு ஒரு கை, வெளிய ஒரு கை. அடுத்த வருசம் ரெண்டு தலையும் வச்சுத் தைச்சுக் குடுங்க அக்கா, பிள்ளைக்கு வசதியா இருக்கும்."

இருபத்தைந்து வயதுக்காரி

ஜெசிந்தாவின் சட்டையையும் அந்தத் திருநாளுக்கென்றே வெட்டினேன். அவளுக்குப் பதினேழு வயது. தகப்பன் கடலுக்குப் போய் வள்ளத்தோடு திரும்பாதவர். வீட்டில் அவளுக்குக் கீழே மூன்று பேர். வளரும் பிள்ளை என்பதால் பக்கத் தையலில் துணி விட்டிருந்தேன். அளவு பார்க்க வந்தவள் சட்டையைத் தலைவழியே போட்டுக் கண்ணாடியில் பக்கவாட்டாக நின்று பார்த்தாள். கோடுகளுக்கு ரிபன் இன்னும் வைக்கவில்லை. இரண்டு இடங்களிலும் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு கழற்றி, மடித்து, என் மடியில் வைத்தாள்.

திருநாளுக்கு முன்பே குவைத்துக்குப் பயணம் சரிவந்துவிட்டதாம். ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை. "போகும்போது கொண்டு போ, மகளே, இரவுக்குள் முடித்துத் தருகிறேன்" என்றேன். தங்கைக்குச் சிறிதாக்கித் தரும்படி சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"பாஸ்போட்டில எனக்கு இருபத்தஞ்சு வயசு அக்கா. இருபத்தஞ்சு வயசுக்காரி இப்பிடிச் சட்டை போடமாட்டா தானே?"

படம் பிழை

காலம் உருண்டது. பஞ்சு வைத்த தோள்கள் போயின. வெல்வெட் பட்டிகள் அலுமாரியின் அடியில் கிடந்து பூஞ்சணம் பூத்தன. நானும் மாதாவின் பட்டாடைகளையும் பீடத் துணிகளையும் தைப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். இவ்வருடம் ஆனி மாதத்தில், இரு பிள்ளைகளுக்குத் தாயும் மீன் உலர்த்தும் வாடிக்கு எசமாட்டியுமான ஜூலியற் நீலத் துணிக்கட்டோடு வந்து நின்றாள். தொண்ணூறுகளின் மோஸ்தர் திரும்ப வந்துவிட்டதாம். போனில் குமரிகளெல்லாம் அதைத்தான் போடுகிறார்களாம். ஆகவே அந்நாளைய செட் முழுவதும் திருநாளுக்கு அதே சட்டையில் போய்ப் படம் எடுப்பதென்று முடிவாம்.

அவளுடைய மூத்த மகள் போனில் அந்தப் பழைய பாட்டைத் தேடி எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். இப்போது படம் தெளிவாக இருந்தது, நிறுத்தினாலும் நடுங்கவில்லை. கதாநாயகியின் சட்டை கடல்போல ஒரே நீலமாய் இருந்தது. கோடு இல்லை. முன்னே ஓட்டினாள், பின்னே ஓட்டினாள், எங்கும் இல்லை. "அம்மா, நீங்க எல்லாரும் பிழையாத்தான் போட்டிருக்கீங்க" என்று அவள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். என் முகம் சுருங்கியிருக்க வேண்டும். ஜூலியற் போனை வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கட ஊர் முழுக்கக் கோடு இருந்திச்சு. படத்தில இல்லாட்டி படம் பிழை. நீங்க ரிபன வெட்டுங்க அக்கா."

சிரிப்பின் அளவு

ஜெசிந்தா எல்லாருக்கும் பின்னால், தனியாக வந்தாள். இடையில் இரண்டொரு முறை வந்து, கலியாணம் முடித்து, ஒரு மகளைப் பெற்றுத் தாயிடம் விட்டு, மீண்டும் மீண்டும் போனவள். இப்போதுதான் ஒரேயடியாகத் திரும்பியிருக்கிறாள். அவள் அனுப்பியதால் எழுந்த வீடு ஊரிலேயே உயரமானது. ஊருக்கு அந்த வீட்டைத் தெரியும். அவளைத் தெரிந்தவர்கள் குறைவு. ஜூலியற்கூட இந்தச் சட்டை ஏற்பாட்டை மற்றவர்களுக்குச் சொன்ன மறுநாள்தான் அவளுக்குச் சொல்லி அனுப்பினாளாம், நினைவு வந்தபோது.

அளவெடுக்கும்போது அவள் என் தலைக்கு மேலாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். தோழிமார் கூடினால் அந்நாட்களின் கதைதான்: வண்ணாத்திவில்லுக்கு லொறியில் போனது, யாருடைய தொப்பியை யார் ஒளித்தது, எந்தப் படத்துக்கு யார் அழுதது. அவையெல்லாம் நடந்தபோது அவள் வேறொரு நாட்டில், வேறொருத்தியின் மகளுக்குத் தலைவாரி ரிபன் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு அம்மாளின் பழைய சட்டைகளில் இரண்டொன்றை அவளுக்குக் கொடுத்தார்களாம். அழகான சட்டைகள், போட்டுப் போவதற்கு ஓர் இடந்தான் இல்லை. நாம் இழந்ததை நினைத்து ஏங்குவது உலக வழக்கம். பெறாததை நினைத்து ஏங்குகிறவளுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்பதை நான் ஓதிய பக்தி நூல்களில் தேடிப் பார்த்தேன். அவசரத்துக்கு ஒன்றும் அகப்படவில்லை. "கையைத் தூக்கு, மகளே" என்று மட்டும் சொன்னேன்.

"அவங்க சிரிக்கிற எல்லாத்துக்கும் நானும் சிரிக்கிறன் அக்கா. எதுக்குச் சிரிக்கிறாங்க எண்டு மட்டும் தெரியாது. இந்தச் சட்டையப் போட்டா எனக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும் தானே?"

திருநாள் வாடி

திருநாளுக்கு முந்தின நாள், பூசை முடிந்து, கோவில் வளவில் எங்கள் ஊரார் தங்குவதற்குப் போட்டிருந்த ஓலை வாடியில் நீலச் சட்டைகள் கூடின. குமரி வயதில் ஒடுங்கி இருந்த இடங்களெல்லாம் இப்போது விரிந்திருந்தன; ஒவ்வொரு சட்டையிலும் இரண்டு கோடுகளும் சற்றே வளைந்து சிரித்தன. ஒருத்தி பாண் ரொட்டியைப் பிய்த்துப் பரிமாற, ஒருத்தி தேநீர் ஊற்ற, ஜூலியற் நடுவே உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா தேவாலயப் பக்கமாக வந்து, வாடியின் வாசலில் தயங்கி நின்றாள். வாடிக்கால் ஒன்றைப் பிடித்தவள் அதை விடவில்லை. அவளுடைய மகள் பின்னால் இருந்து, "உள்ள போங்கம்மா" என்று மெல்லத் தள்ளினாள்.

ஜூலியற் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், கோடுகளைப் பார்த்தாள். "அடியே!" என்று எழும்பிப்போய் அவளுடைய இரு தோளையும் பிடித்தாள். "அந்த வருசம் நாங்க எல்லாரும் இந்தச் சட்டையோட இங்க வந்தமே, என்ட கை கழண்டு அம்மாட தோளில விழுந்திச்சே! நீ எனக்குப் பக்கத்தில தானே நடந்து வந்த?"

அந்தத் திருநாளன்று ஜெசிந்தா குவைத்தில் இருந்தாள். அது எனக்குத் தெரியும்; அவளுக்கும் தெரியும். வாடியில் இருந்த எல்லாரும் அவளுடைய வாயைப் பார்த்தார்கள். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். நான் குனிந்து, என் மடியில் இல்லாத நூல் ஒன்றைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"ஓம்" என்றாள் ஜெசிந்தா. "திரும்பி வரக்குள்ள நல்ல மழையும் பிடிச்சிச்சு."

அத்தனை வருடங்களில் அந்தத் திருநாளுக்கு மழை பெய்து நான் கண்டதில்லை. ஆனால் ஜூலியற் தன் தொடையில் ஓங்கி அடித்துச் சிரித்து, அவளுக்கு நடுவில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பாத்தீங்களாடி? நாம மறந்த மழையக்கூட இவள் ஞாபகம் வச்சிருக்கிறாள்!"

தோழமைகளே, உடம்பு பெருத்தால் பக்கத் தையலைப் பிரித்துத் துணி விடலாம் என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தேன், கடந்துபோன ஒரு திருநாளையும் ஒருத்திக்காக அப்படிப் பிரித்து இடம் விடலாம் என்பதை இந்தத் தள்ளாத வயதில்தான் கற்றேன்.

இதைப் படிக்கிறவர்களையும், படிக்கக் கேட்கிறவர்களையும் சர்வேசுரன் தம் போர்வைக்குள் வைத்துக் காப்பாராக; வெகுதூரம் போனவர்கள் வீடு திரும்பும் நாளில், நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்க யாரேனும் ஒருவர் அங்கே இருப்பாராக. ஆமென்.