நெய்க்கடை வீதியில் பூனை பிடித்தேன்

அறுபதுகளில் ராசிபுரத்து நெய்க்கடை வீதியில் வாடகைக்குக் குடியிருந்தேன். பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர் வேலை. வீட்டுச் சொந்தக்காரர் நெய் வியாபாரி, பக்கத்துக் கட்டிலேயே குடும்பத்தோடு இருந்தார். அந்த வீதியில் மனிதர்களைவிடப் பூனைகள் அதிகம். நெய்ப்பானைகளை உறியில் தொங்கவிட்டும் பயனில்லை. ஒரு பூனை உறிக்குள்ளேயே சுருண்டு தூங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் வீட்டுக்காரருக்கு மறுபடியும் பொறுமை போய்விட்டது. "டீச்சரம்மா, அத்தனையும் சாக்குல கட்டிப் பள்ளிபாளையத்துல ஆத்துக்கு அந்தாண்ட உட்டுட்டு வரச் சொல்லி வண்டிக்காரங்கிட்டக் குடுக்கப் போறனுங்க. தண்ணி தாண்டுன பூனை திரும்பாதுங்க" என்றார்.

போன தடவை சாக்கை அவிழ்த்தபோது பாதிப் பூனைகள் மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்ததாக வண்டிக்காரர் சொல்லியிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பொறுங்க, இனிமே குட்டி போடாம நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

பூனைகளுக்குக் கருத்தடை செய்ய முடியுமா என்று கேட்டதும் மாட்டாஸ்பத்திரி டாக்டர் சிரித்துவிட்டார். "கடுவன்னா சுலபம். பொட்டைக்கு வயித்தைத் திறக்கணும். பூனைக்கு இதுவரைக்கும் பண்ணினதில்லை. பிடிச்சுட்டு வாங்க, பார்க்கலாம்."

கோழி அடைக்கிற பஞ்சாரத்தை ஒரு குச்சியில் நிறுத்தி, உள்ளே கருவாட்டுத் தலையைப் போட்டு, கயிற்றோடு புழக்கடையில் காத்திருப்பேன். கை முழுக்கக் கீறல். வகுப்பில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கடுவன்கள் ஒவ்வொன்றாகப் போய் நலமாகவே திரும்பின. பிறகு ஒரு வரிப்பூனை சிக்கியது, பொட்டை.

"இது பொழைச்சா சாக்கு வேண்டாமுங்க. இல்லீன்னா வண்டிதான்" என்றார் வீட்டுக்காரர்.

மயக்கம் கொடுத்தபின் கால்களை நான்தான் பிடித்துக்கொண்டேன். டாக்டர் போட்ட தையலைப் பார்த்து அசந்துபோனேன், என் மாணவிகளுக்குக் காட்டலாம் போல அத்தனை ஒழுங்கு. மறுநாள் காலையில் பூனை எழுந்து பால் குடித்தது. பஞ்சாரத்தை அதன்மேல் கவிழ்த்து மூடிவிட்டு நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனேன்.

சாயங்காலம் வந்து பஞ்சாரத்தைத் தூக்கியவள் அப்படியே கீழே போட்டேன். தையல் முழுக்கப் பிரிந்து, குடல் மண்ணில் கிடந்தது. பூனையின் உடம்பு விறைத்திருந்தது. வாயைச் சுற்றி மஞ்சள் அப்பியிருந்தது. நெய் மணம் குப்பென்று அடித்தது. எந்தப் பாவி இதைச் செய்தான் என்று கத்தினேன்.

வீட்டுக்காரர் பித்தளைக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"முனகிக்கிட்டே கெடந்துச்சுங்க. கேக்க முடியலைங்க. புது நெய்யில மஞ்சளைக் கொழைச்சுத் தடவி உட்டேனுங்க. எங்க ஊட்டுப் புள்ளைங்களுக்குப் புண்ணுன்னா அதானுங்க போடுவோம்."

பூனைகளைக் கண்டாலே தடி எடுக்கிற மனிதர்! கடையில் விற்கிற நெய்யிலேயே உசத்தியானதை எடுத்துப் பூனையின் வயிற்றில் தடவியிருக்கிறார். நெய்யென்றால் உயிரை விடும் பூனை அதை நக்கி நக்கித் தையலையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டது.

அவரே முருங்கை மரத்தடியில் குழி தோண்டினார். நாளைக்கு வண்டி கட்டிவிடுவார், எல்லாம் போச்சு என்று நான் நினைத்துக்கொண்டு நின்றேன். மண்ணைத் தள்ளி மூடியவர் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

"ஏனுங்க டீச்சரம்மா, அடுத்த பொட்டைக்கு என்னத்தைத் தடவோணுமுன்னு டாக்டரைக் கேட்டுச் சொல்றீங்களா?"